ஒரு நூல் ப்ளே

கார் பட்டறை வட்டாரத்தில் என் பெயர் டைட்டு. புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பேச்சுக்கு நடுவே என் பக்கம் லேசாக மூக்கை நீட்டிப் பார்ப்பார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. எந்த நட்டையும் கால் சுற்று கூடுதலாக முறுக்கிவிட்டுத்தான் கையை எடுப்பேன். கதவுக் கைப்பிடியோ ஸ்டியரிங்கோ பெடலோ, எதில் ஆட்டம் இருந்தாலும் எனக்கு ஆகாது. அதனால் வந்த பெயர். இருபத்தாறு வருஷமாக அதைப் பெரிய பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் வெட்கமாக இருக்கிறது.

ஏன் என்று சொல்வதற்கு என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இது அவரைப் பற்றிய பேச்சுதான். நான் நடுவில் வருவது, செய்த வேலைக்குப் பதில் சொல்ல.

அண்ணி தையல்காரர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. வந்த மறுமாதமே வீட்டின் முன்னறையைக் கடையாக்கிவிட்டார். ஜன்னலோரம் மோட்டார் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற மேஜை, சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி சட்டை. இன்றைக்கு அவரிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆனாலும் காலர், கைப்பட்டை, வழுக்குகிற துணி என்றால் அது அண்ணியின் மெஷினுக்குத்தான் போகும். போய்க்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவருடைய திறமை கையில் இருந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். காலில் இருந்தது. மோட்டார் மெஷின் பெடல் பொல்லாதது. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் ஊசி தறிகெட்டு ஓடும், துணியோடு விரலையும் சேர்த்துத் தைத்துவிடும். காலர் முனையைத் திருப்ப வேண்டிய இடம் வந்ததும் அண்ணி இடது கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். வெறும் காலால் பெடலைத் தொடுவார். ஊசி ஒரே ஒரு தையல் போட்டு நிற்கும். மறுபடி தொடுவார், இன்னொரு தையல். அந்தக் காலைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். ஒரு தடவை எனக்குச் சட்டைக்கு அளவெடுத்தார்.

"உடம்போட ஒட்டினாப்ல கச்சிதமா தைங்க அண்ணி," என்றேன்.

"ஒட்டித் தைச்சா போட்டோவுக்கு நிக்கலாம். கையைத் தூக்க முடியாது. ரெண்டு விரல் விட்டுத்தான் தைப்பேன்."

"எனக்கு லூஸா இருந்தா பிடிக்காதுன்னு ஊருக்கே தெரியும்."

"அதெல்லாம் உன் பட்டறையில வச்சுக்கோ."

அண்ணன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். முப்பது வருஷம் பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு தன் வாழ்நாள் ஆசையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும், உள்ளே ஏறுவதென்றால் உடம்பை மடித்துச் செருக வேண்டும். அண்ணனை விட அதற்கு ஏழு வயதுதான் குறைவு. அதை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவர் கண்ணுக்குள் நரம்பு கெட்டுப்போய்விட்டது. ஒரு கண் முழுக்கப் போனது. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

அண்ணி அதிகம் யோசிக்கவில்லை. துணி டெலிவரிக்குச் சின்ன கார் ஓட்டிப் பழகியவர்தானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, நகரத்தின் நெரிசலைத் தாண்டி, மலைப்பாதையில் ஏரி வரைக்கும் போய்த் திரும்புவார். அண்ணன் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். "மூணுல போடு," என்பார். "போட்டாச்சுங்க," என்பார் அண்ணி. வாரம் பூராவும் அந்த மனிதர் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இருந்தார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி கிளட்சுக்கு வருகிறேன். வண்டி தெரியாதவர்களுக்கும் புரியும், பயப்பட வேண்டாம். இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஒரு தட்டு இருக்கிறது. பெடலை மிதித்தால் தட்டு விலகும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டி என்பதால் பெடலுக்கும் தட்டுக்கும் நடுவே ஆயில்தான் வேலை செய்கிறது. பெடல் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி ஒரு சிலிண்டருக்குள் இருக்கிற ஆயிலைத் தள்ளும், ஆயில் தட்டை விலக்கும். எந்தக் கிளட்ச் பெடலையும் விரலால் தொட்டு அமுக்கிப் பாருங்கள். வேலை எதுவும் நடக்காமல் முதலில் கொஞ்சம் சும்மா இறங்கும். அந்தச் சும்மா அசைவுக்கு எங்கள் பேச்சில் ப்ளே என்று பெயர். அதை நூல் கணக்கில் சொல்வோம். அண்ணியின் நூல் இல்லை, தச்சர் பேசுகிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

கார் வாங்கிய புதிதில் கிளட்ச் தட்டு தேய்ந்துபோயிருந்தது. நான்தான் மாற்றினேன். பெடலில் இரண்டு நூல் ப்ளே இருந்தது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. தம்பி கைபட்ட வண்டி, அதுவும் அண்ணன் வண்டி, பெடல் தொளதொளவென்று ஆடலாமா? கம்பியை முன்னால் திருகி, ப்ளேயை முழுக்க எடுத்து, நட்டை முறுக்கிவிட்டேன். கால் சுற்று கூடுதலாக. தொட்டதும் பிடித்தது. அண்ணனை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். "கல்லு மாதிரி இருக்குடா," என்றார். அந்தப் பாராட்டை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

பிறகுதான் அண்ணன் கண் போய், அண்ணி ஓட்டத் தொடங்கியது. எட்டு மாதத்தில் தட்டு கருகிவிட்டது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, ஒரே தீய்ந்த நாற்றம். பிரித்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரே காரணம்தான் சொல்வோம், கேட்காமலே சொல்வோம்.

"கால் வச்சு ஓட்டுறீங்க அண்ணி," என்றேன். ஓட்டும்போது கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டிருப்பது என்று அர்த்தம். பெடல் பாதி அமுங்கியே இருக்கும், தட்டு சரியாக ஒட்டாமல் உராய்ந்து உராய்ந்து கருகும்.

"இல்லையே தம்பி. நான் கியர் மாத்துனதும் காலை எடுத்துடுவேனே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கால் வச்சிருக்கறது அவங்களுக்கே தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "முதல் அரை மணி நேரம் நல்லாத்தான் போகுது. நெரிசல்ல நின்னு, வண்டி சூடாகி, மேடு ஏறும்போதுதான் இப்படி ஆகுது. ஆறவச்சு எடுத்தா மறுபடி நல்லா இருக்கு."

ஒரு மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சரியான தகவல் அது. சூடானால் வருகிறது, ஆறினால் போகிறது. காலாக இருந்தால் அது வண்டியின் சூட்டையா பார்த்துக்கொண்டிருக்கும்? அதைக் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அரை மணி நேரத்துல கால் அசந்துடும் அண்ணி. தானா பெடல் மேல போய் உக்காந்துக்கும்."

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. புதுத் தட்டு போட்டேன், பெடலை மறுபடி கல்லாக்கினேன், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிஷம். இருபத்தாறு வருஷமாக என் சோதனை ஓட்டம் தெருமுனை வரைதான். அதற்கு மேல் ஓட்டிப் பார்க்கிறவன் கைமேல் நம்பிக்கை இல்லாதவன் என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மாதத்தில் இரண்டாவது தட்டும் போனது. இந்தத் தடவை மலைப்பாதையில் நடுமேட்டில். கண் தெரியாத மனிதரை ஓரமாக ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் அண்ணி சாலையில் நின்றிருக்கிறார், இழுத்துவர வண்டி கிடைக்கும்வரை. பட்டறைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. அன்றைக்குப் பட்டறையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அண்ணனும் இருந்தார். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு நீளும், அது என் வியாதி. கருகிய தட்டை வெளியே எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணி, இது கால் இல்ல, செங்கல்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். கூட்டத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சிரித்துத்தானே ஆகவேண்டும். அதோடு விட்டேனா? அந்தத் தட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். கீழே சாக்பீஸால் "செங்கல்" என்று எழுதினேன். கிளட்ச் கருகி யார் வந்தாலும் அதைக் காட்டி, என் அண்ணி கதையைச் சொல்லி, சிரிக்கவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். வியாபாரத்துக்கு நல்ல ஆரம்பமாக இருந்தது. அண்ணன் வீட்டிலேயும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. "செங்கல், தண்ணி கொண்டா," என்பார், பிரியமாகத்தான். அண்ணியும் ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து கொடுப்பார்.

மூன்றாவது தட்டு போட்டுக் கொடுத்த பிறகு அண்ணி நாலு ஞாயிறு ஓட்டினார். ஐந்தாவது ஞாயிறு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நான் ஓட்டுனா இதையும் எரிச்சுடுவேன்," என்றார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. அண்ணனும் வற்புறுத்தவில்லை. ஓட்ட என்னைக் கூப்பிட்டார்கள், நான் வேலை வேலை என்று தட்டிக்கழித்தேன். இரண்டு வருஷம் கார் உறைக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் ஷெட்டுக்குப் போய், உறையைத் தூக்கி, உள்ளே ஏறி உட்கார்ந்திருப்பாராம். போன மாதம் அவரே சொன்னார், விற்றுவிடலாம் என்று. ஒரு பல் டாக்டர் வாங்குவதற்காகப் பார்க்க வருவதாக இருந்தது. வண்டியைத் தயார் செய்வது என் பொறுப்பு.

புதன்கிழமை மதியம் அதை வெளியே எடுத்தேன். இரண்டு வருஷம் நின்ற வண்டி, இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று முதல்முறையாகத் தெருமுனையைத் தாண்டினேன். நகரத்து நெரிசலில் நாற்பது நிமிஷம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று, பிறகு மேம்பாலம் ஏறினேன். பாதி ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடியது. வேகம் கூடவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன், இன்ஜின் கத்தியது, வண்டி முனகிக்கொண்டு அதே இடத்தில் ஊர்ந்தது. அந்தத் தீய்ந்த நாற்றம் வந்தது.

நான் குனிந்து என் இடது காலைப் பார்த்தேன். அது தரையில் இருந்தது.

எப்படியோ பாலத்தை இறங்கி ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தேன். கிளட்ச் ஆயில் குழாய் சைலன்சர் குழாயை ஒட்டியே போகிறது, கை வைக்க முடியாத சூடு. ஒரு சந்தேகம் வந்தது. ஸ்பானரை எடுத்து, பெடல் பக்கத்து சிலிண்டரில் இருந்து அந்தக் குழாய் இறங்குகிற இடத்து நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். வண்டிக்குள் ஆள் இல்லை. பெடலை யாரும் மிதிக்கவில்லை. ஆயில் பீச்சிக்கொண்டு வந்து என் சட்டையில் அடித்தது. நட்டை இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தேன், தட்டு கெட்டியாகப் பிடித்தது, வண்டி பாய்ந்தது.

அவ்வளவுதான் விஷயம். காலே இல்லாமல் பெடல் மிதிபட்டிருக்கிறது. சூடானால் ஆயில் பெருகும். பெருகியது திரும்பிப் போக சிலிண்டருக்குள் ஒரு பொடித் துவாரம் உண்டு. பெடலில் ஒரு நூலாவது ப்ளே இருந்தால்தான் உள்ளே அந்தத் துவாரம் திறந்திருக்கும். நான் கம்பியை ஒட்ட முறுக்கி அந்தத் துவாரத்தை அடைத்துவைத்திருந்தேன். போக வழியில்லாத ஆயில், தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணியின் கால் மேல் நான் சொன்ன குற்றத்தை அந்த வண்டிக்குள் ஒருத்தன் செய்துகொண்டுதான் இருந்தான். அவன் நான்தான்.

பட்டறைக்கு வந்து, கம்பியைத் தளர்த்துவதற்காகப் பெடல் அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தேன். முகத்துக்கு நேரே கிளட்ச் பெடல். அதன் ரப்பரில் வரிகள் புதுசு மாதிரி அப்படியே இருந்தன. கால் வைத்து ஓட்டுகிறவர்கள் வண்டியில் அந்த ரப்பர் வழித்துவிட்ட மாதிரி மொழுக்கென்று ஆகியிருக்கும், எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். பெடலுக்கு இடது பக்கம், நான்கு விரல் தள்ளி, கால் மிதிக்கிற விரிப்பில் ஒரு ஓட்டை. குதிகால் அளவு வட்டமாகத் தேய்ந்து அடித்தகரம் தெரிந்தது. ஓட்டிய நேரமெல்லாம் அண்ணி காலைப் பெடலில் இருந்து அவ்வளவு தூரம் தள்ளி அழுத்திவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னேனே என்று பயந்து. மூன்றாவது தட்டு போட்டபோதும் இதே இடத்தில் நான் படுத்திருக்கிறேன். அந்த ஓட்டையைப் பார்க்கவில்லை.

கம்பியைத் தளர்த்தி ஒரு நூல் ப்ளே விட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

இனி சொல்லப்போவதுதான் என்னால் தாங்க முடியாத பகுதி. உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்கு போன் செய்து, "வண்டி ரெடிண்ணே," என்றேன். ஞாயிறு டாக்டர் வருவார், ஓட்டிப் பார்ப்பார், கிளட்ச் நன்றாக இருக்கும், வாங்கிக்கொண்டு போவார். கதை முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது. இப்படி யோசித்தேன், என் சொந்த மூளையால்.

வெள்ளிக்கிழமை மனசு அரித்தது. கறைபட்ட சட்டையைச் சாக்காக எடுத்துக்கொண்டு அண்ணியின் கடைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். அண்ணி மெஷினில் இருந்தார். நேர்த்தையல், கைலி ஓரம் மாதிரி ஏதோ சாதாரண வேலை. பக்கத்து மெஷினில் வேலைக்காரப் பெண் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் கீழே பார்த்தேன். அண்ணி வலது காலால் மிதித்துக்கொண்டிருந்தார். இடது கால் நாற்காலிக்கு அடியில் பின்னால் மடங்கியிருந்தது, செருப்போடு.

"என்ன அண்ணி, கால் மாத்திட்டீங்க?"

"ரெண்டு வருஷமாச்சு. இடது கால் எனக்குத் தெரியாமலே அழுத்துதுன்னு நீதானே சொன்ன. துணியில விளையாட முடியுமா? வலது கால்ல நேர்த்தையல் நல்லா வருது. காலரு, கைப்பட்டை எல்லாம் அவகிட்ட கொடுத்துட்டேன்." ஊசியை நிறுத்தாமல் சொன்னார். குரலில் குறை ஒன்றும் இல்லை. சட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கறை போகாது," என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை பட்டறையில் நாங்கள் நாலு பேர். அண்ணன், அண்ணி, பல் டாக்டர், நான். டாக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பல்லைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இடமாகத் தட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு. ஏன் விக்கிறீங்க?"

"ஓட்ட ஆள் இல்லைங்க," என்றார் அண்ணன். "எனக்குக் கண்ணு போச்சு. இவ ஓட்டுனா தட்டு தாங்க மாட்டேங்குது. அதோ, சுவத்துல தொங்குது பாருங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, சாக்பீஸ் எழுத்தை வாய்விட்டுப் படித்தார். "செங்கல்." சிரித்தார்.

அண்ணி சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னார், "ஆமாங்க. என் இடது கால் கொஞ்சம் சரியில்ல."

காது கொஞ்சம் மந்தம் என்று ஒருவர் சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார். கூச்சம்கூட இல்லை. அது உண்மை என்று அவருக்கு முடிவாகியிருந்தது. முன்பின் தெரியாத மனிதரிடம், எச்சரிக்கை மாதிரி, தன் கால் சரியில்லை என்று சொல்கிறார்.

"உங்க கால் நல்லாத்தான் இருக்கு அண்ணி," என்றேன்.

"சும்மா விடு தம்பி."

"இல்ல. ரெண்டு தட்டையும் எரிச்சது நான்."

"என்னடா உளர்ற?" என்றார் அண்ணன்.

சொன்னேன். கம்பி, துவாரம், ஆயில், மேம்பாலம், ரப்பர், விரிப்பில் ஓட்டை, எல்லாம். டாக்டர், "அப்போ இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு. அண்ணி இருக்கிற பக்கம் அண்ணன் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அங்கே ஒரு நிழல்தான் தெரிந்திருக்கும். கை மட்டும் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"புதன்கிழமை."

"வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எவ்வளவு விடணும், அந்தப் பெடல்ல?"

"ஒரு நூல் போதும் அண்ணி."

அவர் மேஜையில் இருந்து சாவியை எடுத்தார். இடது கால் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். "ஏறு," என்றார்.

நான் பக்கத்துச் சீட்டில் மடங்கி உட்கார்ந்தேன். நெரிசலான சாலையாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நாற்பது நிமிஷம், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று. வண்டி அனலாகக் கொதித்தது. பிறகு அதே மேம்பாலம். மூன்றாவது கியரில் ஏறினார். இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்தே கூடின.

"கால் எங்க இருக்கு?" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"தரையில அண்ணி."

"நல்லா பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். வெறும் கால். விரிப்பில் அது தேய்த்த ஓட்டைக்குள்ளேயே குதிகால் பதிந்திருந்தது. "தரையிலதான் இருக்கு அண்ணி," என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பாலம் இறங்குகிற வரை நான் நிமிரவில்லை.

திரும்பி வந்தபோது டாக்டரை அண்ணன் அனுப்பிவிட்டிருந்தார். விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். எங்களைக் கேட்கவில்லை. அண்ணி இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கிய தட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"இதைக் காட்டி எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்ப?"

"எண்ணிக்கையே இல்ல அண்ணி."

"எல்லார்கிட்டயும் சொல்லு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த இரண்டு வருஷத்தில் வந்துபோன எல்லோரையும் நான் எங்கே போய்த் தேடுவேன். அன்றைக்கு என்னோடு நின்று சிரித்த நாலைந்து பேரில் இரண்டு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதில் ஒருவருக்கு அந்தச் சிரிப்பே நினைவில்லை. அதனால் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். தட்டு அதே ஆணியில்தான் தொங்குகிறது. எழுத்தை மட்டும் அழித்துவிட்டு "டைட்டு" என்று எழுதியிருக்கிறேன். இதென்ன என்று கேட்பார்கள், உட்காரவைத்து முதலில் இருந்து சொல்வேன். உங்களிடமும் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கார் மறுபடி மலைப்பாதை ஏறுகிறது. அண்ணனுக்கு வாய் சில சமயம் பழைய பழக்கத்தில், "செங்..." என்று தொடங்கிப் பாதியில் நின்றுவிடும்.

போன வாரம் புதுச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். அண்ணி டேப்பைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஒட்டினாப்லயா?" என்று கேட்டார்.

"ரெண்டு விரல் விட்டே தைங்க அண்ணி."

அளவைக் குறித்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். மெஷினில் ஒரு சட்டை பாதியில் நின்றிருந்தது. வலது காலைத்தான் பெடலில் வைத்தார்.

"இடது கால்ல தைக்கலாமே அண்ணி. அதுல ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டோமே."

"தைச்சுப் பாக்கறேன் தம்பி. தினம் கடை சாத்துறதுக்கு முன்னாடி ஒரு துண்டுத் துணி வச்சுப் பாக்கறேன். நேரா நல்லாத்தான் போகுது." ஊசியை உயர்த்தி, அந்தச் சட்டையின் காலர் துண்டைத் தனியே எடுத்தார். "முனை திருப்புற இடம் வந்ததும் கால் தானா பின்னால போயிடுது."

காலரைப் பக்கத்து மெஷின் பெண்ணிடம் நீட்டினார்.